அறுபத்து நான்கு கட்டங்கள் – 17: அரைப் புள்ளி

2022 ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் பிற்பகல் 3 மணிக்குப் பத்தாம் சுற்றின் கடிகாரங்கள் ஓடத் தொடங்கியபோது மலேசியாவில் நம் பந்திங்கில் மாலை 5.30. ஒன்பது சுற்றுகள் முடிந்திருந்தன. 16 புள்ளிகளோடு முன்னணியில் உஸ்பெகிஸ்தான். ஒரே ஒரு புள்ளி பின்தங்கி இந்தியாவின் இரண்டாம் அணி. அன்று இந்த இரண்டும் நேருக்கு நேர். முதல் பலகையில் சென்னைப் பையன் குகேஷுக்கு 16 வயது. எதிரில் உட்கார்ந்த நோதிர்பெக் அப்துசத்தாரோவுக்கு 17.

இந்தத் தொடரில் எத்தனையோ உலக சாம்பியன்ஷிப் ஆட்டங்களைப் பார்த்துவிட்டோம். அவை இருவருக்கு இடையிலான வழக்கு. குழுப் போட்டியில் நடக்கும் ஆட்டத்தின் கணக்கு வேறு. அதற்கு இதைவிடக் கூர்மையான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் இந்த வாரம் முழுவதும் இந்த ஓர் ஆட்டத்துக்கே.

முதலில் அந்தப் போட்டி தமிழ்நாட்டுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 44ஆவது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டும். உக்ரைன் மீது படையெடுத்ததும் ரஷ்யாவிடமிருந்து அது பறிபோனது. மார்ச் மாதத்தில் சென்னைக்குக் கிடைத்தது. கையில் இருந்தது நான்கு மாதம். மு.க.ஸ்டாலின் அரசு அதற்குள் ஏற்பாடுகளை முடித்தது. நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளை அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்துச் சின்னமாக்கினார்கள். பொதுப் பிரிவில் 188 அணிகள், மகளிர் பிரிவில் 162. மலேசிய அணியும் போயிருந்தது. ரஷ்யாவும் சீனாவும் வரவில்லை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியா கூடுதல் அணிகளை இறக்க முடிந்தது. பொதுப் பிரிவில் மட்டும் மூன்று.

முதல் அணிக்குத் தரவரிசையில் இரண்டாம் இடம். பதக்கம் அவர்களுக்குத்தான் என்று பேச்சு. இரண்டாம் அணிக்குப் பதினோராம் இடம். குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, ரௌனக் சாத்வானி, இவர்களோடு அதிபன். அதிபன் ஒருவர்தான் அந்தக் கூட்டத்தில் பழையவர். 2014இல் நார்வேயின் துரும்சோவில் இந்தியா வெண்கலம் வென்ற அணியில் ஆடியவர். மற்ற நால்வரில் மூத்தவரான நிஹாலுக்கே வயது 18. அணித் தலைவர் ஆர்.பி.ரமேஷ். மனைவி ஆர்த்தி ராமசாமியோடு சென்னையில் 'செஸ் குருகுலம்' நடத்துபவர், பிரக்ஞானந்தாவின் ஆசான்.

குகேஷ் அந்தப் பன்னிரண்டு நாட்களில் ஆடியதை என்னவென்று சொல்வது! முதல் எட்டுச் சுற்றிலும் வெற்றி. ஒரு டிரா கூட இல்லை. அதுவும் முதல் பலகையில், ஒவ்வொரு நாட்டின் தலைசிறந்த ஆளும் உட்காரும் இடத்தில். ஐந்தாம் சுற்றில் ஸ்பெயினுக்கு ஆடிய அலெக்ஸி ஷிரோவ், ஆறாம் சுற்றில் ஆர்மேனியாவின் சர்கிஸ்யான், எட்டாம் சுற்றில் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா என்று வரிசையாக விழுந்தார்கள். அந்த எட்டாம் சுற்றில் முதல் தரநிலை பெற்ற அமெரிக்காவையே பையன்கள் 3–1 என்று அனுப்பிவைத்தார்கள். குகேஷ் கருவானாவை வென்றார், ரௌனக் டொமிங்குயஸை வென்றார், மற்ற இரண்டும் டிரா. ஒன்பதாம் சுற்றில் அஜர்பைஜானின் மமேத்யாரோவோடு குகேஷ் டிரா செய்தபோதுதான் அவருக்கும் டிரா செய்யத் தெரியும் என்று ஊருக்குத் தெரிந்தது. அந்தச் சுற்று 2–2.

குழுச் சதுரங்கம் எப்படி ஓடுகிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்கப் பூப்பந்தின் தோமஸ் கிண்ணத்தைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். காஞ்சோங்கில் வளர்ந்த சிடேக் சகோதரர்களின் ஊர் இது. 1992 மே மாதம் நெகாரா அரங்கில் மலேசியா 3–2 என்று இந்தோனேசியாவை வென்று, 25 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணத்தைக் கொண்டுவந்ததை இன்னும் நேற்று நடந்தது போலப் பேசுகிறவர்கள் பந்திங்கில் இருக்கிறார்கள். ரஷிட், ரசிப், ஜலானி மூவரும் அந்த அணியில் இருந்தார்கள். பூப்பந்தில் ஓர் ஆட்டம் முடிந்துதான் அடுத்தது. நான்காவதாகக் களம் இறங்குகிறவருக்கு அணி 2–1 என்று முன்னிலையில் இருக்கிறதா, பின்தங்கி இருக்கிறதா என்று தெரியும். தன் மேல் என்ன சுமை என்பதைத் தெரிந்துகொண்டே அவர் மட்டையைக் கையில் எடுக்கிறார்.

செஸ்ஸில் நான்கு பலகையும் ஒரே நேரத்தில் தொடங்கும். பக்கத்துப் பலகையில் நண்பன் மூழ்கிக்கொண்டிருப்பான்; அதற்கு அடுத்ததில் இன்னொருவன் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருப்பான். எழுந்து நடந்து எட்டிப் பார்க்கலாம். வாய் திறக்கக் கூடாது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை மாவட்டப் போட்டிக்கு அழைத்துப்போகிற ஆசிரியர்களைக் கேளுங்கள். தன் ஆட்டம் முடிந்த பிள்ளை செய்யும் முதல் வேலை கயிற்றுக்கு வெளியே நின்று தோழியின் பலகையைப் பார்ப்பதுதான். ஒலிம்பியாட்டிலும் அதேதான், வயதும் சம்பளமும் மட்டும் கூட.

அணித் தலைவர் என்று ஒருவர் பலகைகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பார். அவருக்கும் வாய்ப்பூட்டுதான். இந்தக் காயை நகர்த்து என்று கண்ணாலும் காட்டக் கூடாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேசலாம். டிரா கேட்கலாமா, எதிராளி கேட்ட டிராவை ஏற்கலாமா என்று ஆட்டக்காரர் வினவினால், அணியின் புள்ளி நிலையை மட்டும் வைத்து 'சரி', 'வேண்டாம்', 'உன் விருப்பம்' என்று ரத்தினச் சுருக்கமாகச் சொல்லலாம். பலகையில் இருக்கும் நிலையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. இந்த விதியை வகுத்தவர்களுக்குக் குழு ஆட்டத்தின் நரம்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எந்தக் காயை எங்கே வைப்பது என்பது ஆட்டக்காரனுடைய உரிமை. அரைப் புள்ளி போதுமா, ஒரு புள்ளி வேண்டுமா என்பதில் அணிக்கும் பங்கு உண்டு.

புள்ளிக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், பின்னால் உதவும். முன்பெல்லாம் நான்கு பலகைகளில் சேர்ந்த புள்ளிகளை அப்படியே கூட்டுவார்கள். 2008 டிரெஸ்டன் ஒலிம்பியாட்டிலிருந்து அணி வென்றால் 2, சமன் செய்தால் 1, தோற்றால் பூஜ்யம். 4–0 என்று நசுக்கினாலும் 2தான், 2½–1½ என்று தப்பிப் பிழைத்தாலும் 2தான். அதனால் ஒரு பலகையில் போகும் அரைப் புள்ளி சில நாள் ஒன்றுமே இல்லை. சில நாள் அதுவே எல்லாம். ஆறாம் சுற்றில் குகேஷ் சர்கிஸ்யானை வென்றார், அணி 1½–2½ என்று ஆர்மேனியாவிடம் தோற்றது. முதல் பலகையில் வென்றவர் தோற்ற அணியோடு விடுதிக்குத் திரும்பினார். பத்தாம் சுற்றில் விதி அதைத் தலைகீழாக்கிக் காட்டியது.

நம் பகுதிக்கும் இந்தக் குழு ஆட்டத்தோடு பழைய உறவு உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போனால் பினாங்கு நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆசியக் குழுச் சாம்பியன்ஷிப் முதன்முதலாக நடந்தது 1974இல் பினாங்கில்தான். பிலிப்பைன்ஸ் வென்றது. ஆசியாவின் செஸ் பலம் மணிலாவில் இருந்த காலம் அது. சிறுவன் ஆனந்த் பிறகு சில காலம் அந்த மணிலாவில் இருந்துதான் செஸ் பைத்தியம் பிடித்துத் திரும்பினார்.

சரி, உஸ்பெகிஸ்தானுக்கு வருவோம். 14ஆம் தரநிலை. சோவியத் ஒன்றியம் உடைந்த கையோடு 1992 மணிலா ஒலிம்பியாட்டில் வெள்ளி வென்று உலகத்தை வியக்கவைத்த நாடு, அதன்பின் முப்பது ஆண்டுகளாகப் பேச்சில் இல்லை. மாமல்லபுரத்துக்கு வந்தது அப்பாமார்களின் அணி அல்ல, பிள்ளைகளின் அணி: அப்துசத்தாரோவ், யாகுப்போயேவ், 16 வயது சிந்தாரோவ். பயிற்சியாளர் இவான் சோகோலோவ், பழம் தின்று கொட்டை போட்டவர். அப்துசத்தாரோவ் அதற்கு முந்தைய டிசம்பரில் வார்சாவில் கார்ல்சன், கருவானா எல்லாரும் ஆடிய உலக அதிவேகச் சாம்பியன்ஷிப்பை வென்றிருந்தார். அதை வென்றவர்களிலேயே வயதில் இளையவர். நெருக்கடியில் கை நடுங்காத ஆள் என்று பெயர் எடுத்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 7ஆம் தேதி சென்னையில் உலகச் செஸ் சம்மேளனத்தின் தேர்தல் நடந்து, விஸ்வநாதன் ஆனந்த் துணைத் தலைவர் ஆகியிருந்தார். குகேஷும் பிரக்ஞானந்தாவும் நிஹாலும் அவர் பெயரில் இயங்கும் வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகள். மறுநாள் அவர்கள் பலகைக்கு வந்தார்கள்.

ஆட்டம் நெடுநேரம் ஓடியது. ஒலிம்பியாட்டில் முதல் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிடம், அதன் பிறகு மிச்ச ஆட்டம் முழுவதற்கும் 30 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடுதல். 40ஐத் தாண்டியும் நிற்கவில்லை. குகேஷ் மெல்ல மெல்ல நிலையைத் தன் பக்கம் சாய்த்து, கடைசியில் வெல்லும் நிலைக்கே கொண்டுவந்துவிட்டார். கணினி அவர் பக்கம் காட்டியது. இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் அது தெரியும். பலகையில் உட்கார்ந்திருந்த இருவருக்கு மட்டும் கணினி இல்லை.

அந்தக் கட்டத்தில் ஆட்டக்காரரின் நிலை என்ன தெரியுமா? கடிகாரத்தில் மிச்சம் இருந்த நேரம் கரைந்துவிட்டால் அந்த 30 வினாடிதான் கதி. அதற்குள் எதிராளியின் நகர்த்தலைப் பார்க்க வேண்டும், தாளில் எழுத வேண்டும், யோசிக்க வேண்டும், காயை நகர்த்த வேண்டும், கடிகாரத்தைத் தட்ட வேண்டும், தன் நகர்த்தலையும் எழுத வேண்டும். உண்மையில் யோசிக்கக் கிடைப்பது 20 வினாடி இருந்தால் அதிகம். அதுவும் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகத் தலையைக் கசக்கிய பிறகு. அப்துசத்தாரோவ் தோற்கும் நிலையிலும் ஒவ்வொரு நகர்த்தலிலும் ஏதாவது ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே இருந்தார். இதோ பிடி, இதற்கு என்ன பதில் என்று. அதிவேக ஆட்டத்தில் உலகத்தை வென்ற கை.

ஒரே ஒரு நகர்த்தலில் குகேஷ் தவறினார். வென்றிருந்த ஆட்டம் தோற்றுப்போனது. தான் செய்ததைத் தானே கண்டுகொண்ட அந்தக் கணத்தில் அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டதைக் காணொளியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. மின்னணுப் பலகை முடிவைத் தெரிந்துகொள்வதற்காக இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவில் வைக்க வேண்டும். வெள்ளை வென்றால் இரண்டும் வெள்ளைக் கட்டங்களில், கறுப்பு வென்றால் இரண்டும் கறுப்பில், டிரா என்றால் ஒன்று இதில் ஒன்று அதில். தோற்றவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். தன் ராஜாவை எடுத்து எதிராளிக்கு வெற்றி என்று பலகைக்குச் சொல்லும் இந்தச் சடங்கு கொஞ்சம் கொடூரமானது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மறுபக்கம் பிரக்ஞானந்தா. பதினேழு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவர் சிந்தாரோவை வென்றார். மற்ற இரு பலகைகளும் டிரா. ஆக 2–2.

இப்போது கூட்டிப் பாருங்கள். குகேஷ் இல்லாமலே அணி 2 புள்ளி சேர்த்துவிட்டது. அவர் வெல்லவே தேவையில்லை. டிரா செய்திருந்தால் 2½–1½, அணிக்கு வெற்றி. இந்தியாவின் இரண்டாம் அணி 17 புள்ளிகளோடு உஸ்பெகிஸ்தானை முந்தியிருக்கும். உஸ்பெகிஸ்தான் 16லேயே நின்றிருக்கும். 2–2 என்றதால் உஸ்பெகிஸ்தான் 17, இந்தியாவின் இரண்டாம் அணி 16. ஒலிம்பியாட் தங்கத்துக்கும் அந்தப் பையன்களுக்கும் நடுவே நின்றது அரைப் புள்ளி. கடைசிச் சுற்றில் யார் யாரோடு மோதுவது என்பதே அந்த அரைப் புள்ளியால் மாறியிருக்கும் என்பதால், தங்கம் நிச்சயம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். வாசல் வரை வந்தது என்று சொல்லலாம்.

அன்று இரவே தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. பாதுகாப்பாக ஆடி டிராவை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கலாமே என்று ஒரு கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெல்லும் நிலையில் இருக்கிறவனிடம் போய் டிரா செய் என்று எந்தத் தலைவர் சொல்வார்? முதல் எட்டுச் சுற்றிலும் அந்தப் பையன் அரைப் புள்ளிக்கு ஆடியவன் இல்லை. கருவானாவுக்கு எதிரே அவன் கணக்குப் பார்த்திருந்தால் அமெரிக்காவை 3–1 என்று வென்றிருக்க முடியாது; பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானோடு தங்கத்துக்காக உட்கார்ந்திருக்கவும் முடியாது. அந்தத் துணிச்சலையும் இந்தத் தவறையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்பது நடக்கிற காரியம் இல்லை. என் பக்கம் இதுதான். நடுநிலை என்று நான் பாசாங்கு பண்ணவில்லை.

அதோடு, அப்துசத்தாரோவை மறந்துவிட்டு இந்த ஆட்டத்தைப் பேசுகிறவர்கள் பாதி ஆட்டத்தைத்தான் பேசுகிறார்கள். குகேஷ் தோற்றார் என்று நாம் சொல்கிறோம். தாஷ்கண்டில் இதைச் சொல்லும்போது நோதிர்பெக் காப்பாற்றினார் என்பார்கள். அவரும் அணிக்காகத்தான் அந்தச் சாயும் சுவரைத் தாங்கிக்கொண்டு நின்றார். அவர் ஒரு மணி நேரம் முன்பே மனம் தளர்ந்திருந்தால் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம் ஏது?

மறுநாள் ஆகஸ்ட் 9. கடைசிச் சுற்று காலை 10 மணிக்கே. முந்தைய இரவு குகேஷ் எவ்வளவு தூங்கினார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். எதிரில் ஜெர்மனியின் வின்சென்ட் கீமர். டிரா செய்தார். அணி 3–1 என்று வென்றது. உஸ்பெகிஸ்தான் நெதர்லாந்தை 2½–1½ என்று வென்றது, ஆர்மேனியா ஸ்பெயினை அதே கணக்கில் வென்றது. இருவருக்கும் 19 புள்ளி. சமன்முறிப்புக் கணக்கில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெள்ளி ஆர்மேனியாவுக்கு. 18 புள்ளியோடு இந்தியாவின் இரண்டாம் அணிக்கு வெண்கலம். எதிர்பார்த்த முதல் அணி நான்காவது. மகளிர் பிரிவில் நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடிய ஹரிகா துரோணவல்லி, வைஷாலி உள்ளிட்ட இந்திய அணிக்கும் வெண்கலம். அவர்களும் கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்றுத் தங்கத்தை விட்டவர்கள்தான். ஒரே கடற்கரையில் இரண்டு வெண்கலம், இரண்டிலும் கொஞ்சம் உப்பு.

தனிப்பட்ட பதக்கங்களில் முதல் பலகைத் தங்கம் 11இல் 9 புள்ளி எடுத்த குகேஷுக்கு. வெள்ளி அப்துசத்தாரோவுக்கு, வெண்கலம் மேக்னஸ் கார்ல்சனுக்கு. இரண்டாம் பலகைத் தங்கம் நிஹாலுக்கு. கார்ல்சனைக் கீழே நிறுத்தி மேடையின் உச்சியில் ஏறிய 16 வயதுப் பையனை அன்று ஊரே பாராட்டியது. பாராட்டு வாங்கியவருக்கு அந்தத் திங்கட்கிழமை நெஞ்சில் இருந்தது என்பது பின்னால் அவர் கொடுத்த நேர்காணல்களில் தெரிந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட். இம்முறை குகேஷ் இந்திய அணிக்கு முதல் பலகை. கூட பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி, விதித் குஜராத்தி, ஹரிகிருஷ்ணா. தலைவர் சென்னையின் ஸ்ரீநாத் நாராயணன். முதல் எட்டுச் சுற்றிலும் அணிக்கு எட்டு வெற்றி. ஒன்பதாம் சுற்றில் மறுபடியும் உஸ்பெகிஸ்தான், மறுபடியும் குகேஷுக்கு எதிரில் அப்துசத்தாரோவ். இம்முறை டிரா, அணிக் கணக்கு 2–2. பதினொரு சுற்றில் இந்தியா விட்டுக்கொடுத்த ஒரே புள்ளி அது. அடுத்த சுற்றில் குகேஷ் கருவானாவை மீண்டும் வென்றார், இந்தியா 22க்கு 21 எடுத்துத் தங்கம் வாங்கியது. உஸ்பெகிஸ்தான் வெண்கலம். டிசம்பர் 12ஆம் தேதி, பந்திங்கிலிருந்து பேருந்து ஏறினால் அரை நாளில் போய்விடக்கூடிய சிங்கப்பூரில், குகேஷோடு ஆடிய உலக சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரன் ஒரு யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அது அடுத்த வாரம்.

(தொடரும்)